கடலில் இறங்கிய பிறகு வரும் நிமிடம்

அன்பு மருமகனுக்கு,

கடல் பிளாட்ஃபார்மில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னபோது மனம் நிறைந்துவிட்டது. மறுநாள் நீயே பேசினாய். கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீருக்கடியில் வெளியேறும் பயிற்சிக்கு, அதுதான் எல்லாரும் 'ஹியூட்' என்கிறார்களே, அதற்கு உன்னை அனுப்பப் போகிறார்கள் என்றாய். "அது சும்மா ஒரு சர்டிபிகேட் மாமா. தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவனைத் தொட்டித் தண்ணீர் என்ன செய்துவிடும்?" என்றும் சொன்னாய். பக்கத்தில் உன் அம்மா இருந்ததால் அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அம்மாவுக்கும் காட்டு. மறைக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை.

என் பணிக்காலம் முழுக்க ஹெலிகாப்டரில்தான், நாங்கள் சாப்பர் என்போம், எண்ணெய் ரிக்குக்குப் போய்வந்தேன். பாதுகாப்புப் பிரிவில் இருந்த வருடங்களில், கடலில் இறங்கிய ஹெலிகாப்டர்களைப் பற்றிய விசாரணை அறிக்கைகளைப் படிப்பதும் என் வேலையாக இருந்தது. படிக்கப் படிக்க ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. கட்டுப்பாட்டோடு தண்ணீரில் இறங்கிய ஹெலிகாப்டரில் ஆட்கள் சாவது பெரும்பாலும் இறங்கிய அதிர்ச்சியால் அல்ல. அதற்கடுத்த நிமிடத்தில், தலைகீழாகிவிட்ட கேபினுக்குள் மூச்சு முட்டிச் சாகிறார்கள். விமானி உன்னைத் தண்ணீர் வரை கொண்டுவந்து சேர்ப்பார். அந்த நிமிடத்தை நீதான் கடக்க வேண்டும். அதைக் கடக்கும் வழியைச் சொல்லித்தரும் ஒரே இடம் நீ சும்மா என்று சொன்ன அந்தத் தொட்டி.

முதலில் இன்ஜின் விஷயம். இன்ஜின் நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் அப்படியே விழுந்துவிடும் என்றுதான் நம் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். உன் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். விழாது. இன்ஜின் நின்றதும் ஃப்ரீவீல் என்ற அமைப்பு இறக்கைகளை இன்ஜினிலிருந்து பிரித்துவிடும். விமானி உடனே, ஓரிரு நொடிக்குள், இடது கையில் உள்ள கலெக்டிவ் என்ற நெம்புகோலைக் கீழே இறக்க வேண்டும். அப்போது இறக்கைகளின் சாய்வு குறையும். ஹெலிகாப்டர் கீழே இறங்க இறங்க, அடியிலிருந்து மேலே பாயும் காற்றே இறக்கைகளைச் சுழற்றும். சின்ன வயதில் ஓலைக் காற்றாடியைக் குச்சியில் செருகிப் பிடித்துக்கொண்டு ஓடுவாயே, அதே கணக்குதான். இதை ஆட்டோரொட்டேஷன் என்பார்கள். தரையோ தண்ணீரோ நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, சுழலும் இறக்கைகளில் மிச்சமிருக்கும் சக்தியைக் கடைசியில் ஒரே தடவையாகச் செலவழித்து மெதுவாக உட்கார வைப்பார். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால்தான் விமானிகள் இதைத் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள்.

அதோடு, கடலுக்குப் போகும் சாப்பர்களில் இன்ஜின் இரண்டு. ஒன்று நின்றாலும் மற்றது ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆனால் இன்ஜின் இரண்டு இருந்தாலும், அவற்றின் சக்தியை இறக்கைக்குக் கடத்தும் பிரதான கியர்பாக்ஸ் ஒன்றுதான். நீ மெக்கானிக்கல் படித்தவன், இதன் பொருள் உனக்குப் புரியும். வட கடலிலும் அட்லாண்டிக்கிலும் நடந்த பெரிய சம்பவங்கள் பலவற்றில் கோளாறு அங்கிருந்துதான் தொடங்கியது.

2009 மார்ச் 12ஆம் தேதி கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து எண்ணெய் வயல்களுக்கு ஒரு சிகோர்ஸ்கி எஸ்-92 கிளம்பியது. உள்ளே 18 பேர். வழியில் கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டியைப் பிடித்திருந்த மூன்று டைட்டானியம் ஸ்டட்களில் இரண்டு முறிந்தன. எண்ணெய் முழுவதும் வெளியேறியது. எண்ணெய் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உடனே இறங்கு என்பது கையேட்டின் விதி. ஆனால் எண்ணெய் இல்லாமலே அந்தக் கியர்பாக்ஸ் அரை மணி நேரம் ஓடும் என்ற தவறான நம்பிக்கை அந்த வட்டாரத்தில் பரவியிருந்தது. விமானிகள் கரையை நோக்கித் திருப்பினார்கள். 800 அடி உயரத்தில் பறந்து வந்தபோது வால் இறக்கையை ஓட்டும் பல்சக்கரம் சிதைந்தது. ஹெலிகாப்டர் பலமாகக் கடலில் மோதியது. 17 பேர் இறந்தார்கள், ஒருவர் மட்டும் பிழைத்தார். முறிந்தது விரல் தடிமன்கூட இல்லாத ஸ்டட். பம்பும் கம்ப்ரசரும் நாளை உன் பொறுப்பில் வரும்போது, ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் இது உன் நினைவில் இருக்கட்டும்.

வட கடலில் 2012இல் வேறு மாதிரி நடந்தது. மே 10ஆம் தேதி அபர்டீனுக்குக் கிழக்கே ஒரு இசி225 சூப்பர் பூமா, உள்ளே 14 பேர். அக்டோபர் 22ஆம் தேதி ஷெட்லாண்டுக்குத் தெற்கே அதே ரக ஹெலிகாப்டர், உள்ளே 19 பேர். இரண்டிலும் கியர்பாக்ஸுக்குள் ஒரு செங்குத்துத் தண்டு, வெல்டிங் செய்த இடத்தில் விரிசல் கண்டு முறிந்தது. எண்ணெய் பம்புகள் நின்றன. மாற்று உயவு அமைப்பு வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் அதுவும் பழுது என்று எச்சரிக்கை விளக்கு தவறாகக் காட்டியது. விமானிகள் விளக்கோடு வாதம் செய்யவில்லை. கையேடு சொன்னபடி கடலில் இறக்கினார்கள். கடலும் ஓரளவு அமைதியாக இருந்தது, மிதவைகள் விரிந்தன, ஹெலிகாப்டர் நிமிர்ந்தே மிதந்தது. 33 பேரும் படகுகளில் ஏறிப் பிழைத்தார்கள். ஒரு நாள் உன் விமானி "தண்ணீரில் இறங்கப் போகிறோம்" என்று அறிவித்தால், ரிக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிகிறதே, இன்னும் கொஞ்சம் ஓட்டக்கூடாதா என்று உனக்குத் தோன்றும். அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டு, ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்.

நிமிர்ந்து மிதப்பது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள். ஹெலிகாப்டரின் இன்ஜின், கியர்பாக்ஸ், இறக்கைத் தலை என்று கனமான எல்லாம் கூரைக்கு மேல் இருக்கின்றன. அடியில் இருப்பது லேசான கேபின். பக்கவாட்டில் ஓர் அலை அடித்தால் போதும், ஒரு பக்க மிதவை சரியாக விரியாவிட்டால் போதும், கவிழ்ந்துவிடும். அப்படிக் கவிழ்ந்தபின் அந்த மிதவைகளே அதைத் தலைகீழாக மிதக்க வைத்திருக்கும்.

2018 மார்ச் 11ஆம் தேதி மாலை நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் நடந்ததை உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டர், விமானியும் ஐந்து பயணிகளும். கதவுகளைக் கழற்றிவிட்டு நகரத்தைப் படம் பிடிக்கும் பயணம் அது. பயணிகள் வெளியே விழாதிருக்க, வழக்கமான பெல்ட்டோடு முதுகுப்புறம் கொக்கி போட்ட இன்னொரு கச்சையும் கட்டியிருந்தார்கள். முன்னிருக்கையில் இருந்தவருடைய கச்சையின் வார், தரையில் இருந்த எரிபொருள் அடைப்பு நெம்புகோலில் சிக்கி அதை இழுத்துவிட்டது. இன்ஜின் நின்றது. விமானி ஆட்டோரொட்டேஷனில் இறக்கினார். நெம்புகோல் மாறிக் கிடப்பதை அவர் கண்டபோது உயரம் மிகக் குறைவு, இன்ஜினை மறுபடி எழுப்ப நேரம் போதவில்லை. ஆனாலும் தண்ணீரில் இறக்கிவிட்டார். அந்த இறக்கத்தில் யாரும் சாகவில்லை. மிதவைகள் இரு பக்கமும் சமமாக விரியாததால் சில நொடிகளில் ஹெலிகாப்டர் உருண்டு கவிழ்ந்தது. சாதாரண பெல்ட் மட்டும் கட்டியிருந்த விமானி வெளியே வந்தார். முதுகுக் கொக்கியைத் தாங்களாகக் கழற்ற முடியாத ஐந்து பேரும் மூழ்கிப் போனார்கள். வாரை அறுக்க ஒரு வெட்டும் கருவி அவர்களுடைய கச்சையிலேயே இருந்தது. தலைகீழாக, இருட்டில், குளிர்ந்த தண்ணீரில், ஒரு தடவைகூடப் பழகாத கருவியைத் தேடி எடுத்து, முதுகுக்குப் பின்னால் உள்ள வாரை எப்படி அறுப்பார்கள், சொல். அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி உன் தாமிரபரணிக்கு வருகிறேன். நீச்சல் தெரிந்தவனின் உடம்பு தண்ணீருக்குள் என்ன செய்யும்? காலை உதைத்து மேலே போகும். கவிழ்ந்த கேபினில் மேலே இருப்பது தரை. அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்பாய், ஜன்னல் கீழே போயிருக்கும். ஆற்றில் கண்ணைத் திறந்து பழகியிருந்தாலும், இங்கே குமிழும் எண்ணெயும் மிதக்கும் பைகளும் கண்ணை மறைக்கும். தலைகீழாக இருப்பதால் மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறும், நெற்றிக்குள் ஊசி குத்துவதைப் போல வலிக்கும். அந்த வலியில் கை தானாகச் செய்யும் முதல் வேலை பெல்ட்டைக் கழற்றுவது. அதுதான் கெடுதல். பெல்ட் இருக்கும்வரை உன் உடம்புக்கு ஓர் இடம் உண்டு. இடது பக்கம் இருந்த ஜன்னல் கவிழ்ந்த பிறகும் உன் இடது பக்கமேதான் இருக்கும். பெல்ட்டைக் கழற்றிய மறுகணம் உடம்பு மிதந்து திரும்பிவிடும். இடம் வலம் போய்விடும். ஜன்னலைத் தள்ள ஊன்றிக்கொள்ளவும் எதுவும் இருக்காது.

பயிற்சித் தொட்டியில் உன்னை ஒரு போலி கேபினில் கட்டி உட்கார வைத்து, கிரேனால் இறக்கி, தண்ணீர் மார்பைத் தாண்டும்போது உருட்டிவிடுவார்கள். உருளுவதற்கு முன் ஒரு கை ஜன்னல் விளிம்பைத் தொட்டிருக்க வேண்டும், இன்னொரு கை பக்கிளின் மேல். கடைசி மூச்சைத் தண்ணீர் வாய்க்கு வரும் முன் இழு. கேபின் உருண்டு முடியும்வரை அசையாதே. அந்தச் சில நொடி மிக நீளமாக இருக்கும், பொறு. அசைவு நின்றதும் ஜன்னலை முழங்கையாலோ உள்ளங்கையாலோ தள்ளு. விளிம்பைப் பிடித்த கையை விடாமல், இப்போது பெல்ட்டைக் கழற்று. பிடித்த கையால் உன்னையே இழுத்துக்கொண்டு வெளியே வா. கால் உதைக்காதே, பின்னால் வருபவன் முகத்தில் படும். உன் குழுவில் அவசரத்தில் பெல்ட்டை முதலில் கழற்றும் ஆள் ஒருவராவது இருப்பார். அவர் தரைப்பக்கம் மிதந்து கையைத் துழாவுவதையும் முக்குளிப்பவர்கள் அவரை வெளியே இழுப்பதையும் கவனித்துப் பார். நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்தக் காட்சி உனக்கு நன்றாகப் புரியவைக்கும்.

சான்றிதழுக்கு வேண்டிய சுற்றுகள் முடிந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விடாதே. பயிற்றுநரிடம் இன்னொரு சுற்று கேள். ஜன்னல் வலப்பக்கம் வரும்படி உட்கார்ந்து ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. கூச்சப்படாதே, நல்ல பயிற்றுநர் சந்தோஷமாகத் தருவார்.

புறப்படும் முன் காட்டும் பாதுகாப்பு வீடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பை ஜூஹுவில் காத்திருப்பு அறையில் அது ஓடும்போது பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நூறு தடவை பார்த்ததுதானே என்பார்கள். 2013 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஷெட்லாண்டின் சம்பரா விமான நிலையத்தை நெருங்கிய ஒரு சூப்பர் பூமா கடலில் விழுந்து உடனே கவிழ்ந்தது. 18 பேரில் நால்வர் இறந்தார்கள். பயணிகளிடம் அவசர மூச்சுக் கருவி இருந்தது. அதற்குள் சொந்தமாகச் சிறு காற்றுக் குப்பியும் இருந்தது. ஆனால் வீடியோவில் அந்த விஷயம் சொல்லப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. மூச்சு இழுக்க நேரம் கிடைக்காத ஒருவர் அந்தக் கருவியால் இனிப் பயனில்லை என்று விட்டுவிடுவார். ஆனால் அவரிடமிருந்த கருவிக்குள்ளேயே காற்று இருந்திருக்கும். ஒரு வாக்கியம் குறைந்ததால் வரக்கூடிய நிலை இது. அதனால் வீடியோவைப் பார்ப்பதோடு நிற்காதே, கேள். இந்த லைஃப் ஜாக்கெட்டில் எந்தப் பிடியை இழுக்க வேண்டும்? என் இருக்கைக்குப் பக்கத்து ஜன்னல் எப்படிக் கழலும், ரப்பர் பட்டையை உருவ வேண்டுமா, மூலையில் தள்ள வேண்டுமா? அந்த விபத்துக்குப் பிறகு பிரிட்டன் விதிகளை மாற்றியது. தள்ளித் திறக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் பயணி உட்கார வேண்டும், இல்லையென்றால் இன்னும் மேம்பட்ட மூச்சுக் கருவி தர வேண்டும் என்றார்கள். தோள் அகலம் 22 அங்குலத்தைத் தாண்டியவர்களுக்கு அதற்கேற்ற பெரிய ஜன்னலருகே இடம் என்றும் 2015இல் கொண்டுவந்தார்கள். உன்னை எங்கே உட்காரச் சொன்னாலும், எனக்கு அருகே எந்த வழி என்று கேட்கும் உரிமை உனக்கு உண்டு.

லைஃப் ஜாக்கெட்டைக் கேபினுக்குள் ஊதவே ஊதாதே. 1996 நவம்பர் 23ஆம் தேதி, கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் போயிங் 767 எரிபொருள் தீர்ந்து கொமரோஸ் தீவுக் கரையோரம் கடலில் இறங்கியது. உள்ளேயே ஜாக்கெட்டை ஊதியவர்களைத் தண்ணீர் கூரையோடு அழுத்திவிட்டது, கதவுக்குக் கீழே முங்கி வர அவர்களால் முடியவில்லை. அது விமானம்தான், ஆனால் தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெளியே வந்து தலை மேலே வந்த பிறகே இழு. பயணத்தில் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, இயர்போன் கம்பி, மடியில் பை எதுவும் வேண்டாம். நியூயார்க்கில் அந்த வார் என்ன செய்தது என்று படித்தாய் அல்லவா?

வெளியே வந்த பிறகுதான் உன் நீச்சலுக்கு வேலை. 2021 டிசம்பரில் மடகாஸ்கர் அருகே ஹெலிகாப்டர் கடலில் விழுந்தபோது, அதில் இருந்த 57 வயது அமைச்சர் செர்ஜ் ஜெல்லே ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சுமார் 12 மணி நேரம் நீந்திக் கரை சேர்ந்தார். நீ அப்படி நீந்த முயலாதே. படகோடு, மற்றவர்களோடு, ஒரே இடத்தில் இரு. தேடி வருபவர்களுக்குத் தனித்தலையைவிடக் கூட்டம் கண்ணில் படும்.

நம் கடலிலும் இது நடந்திருக்கிறது. 2022 ஜூன் 28ஆம் தேதி ஓஎன்ஜிசி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன சிகோர்ஸ்கி எஸ்-76டி, மும்பை ஹையில் சாகர் கிரண் ரிக்கில் இறங்க வேண்டிய நேரத்தில், அதற்கு வெகு அருகில் கடலில் இறங்கியது. மிதவைகள் விரிந்தன, பக்கத்தில் உதவி இருந்தது. ஒன்பது பேரில் ஐந்து பேரைத்தான் காப்பாற்ற முடிந்தது. 2023 மார்ச் 8ஆம் தேதி மும்பைக் கடற்கரைக்கு அப்பால் கடற்படையின் துருவ் ஹெலிகாப்டர் திடீரென்று சக்தி இழந்து தண்ணீரில் இறங்கியது. அதில் இருந்த மூவரும் பிழைத்தார்கள். கடற்படை விமானப் பணியாளர்கள் கொச்சியில் உள்ள தொட்டியில் இதே கவிழ்ப்புப் பயிற்சியைப் பெறுகிறவர்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றோடொன்றை ஒப்பிடுவது நியாயமில்லை, கடலும் வேறு, ஹெலிகாப்டரும் வேறு. ஆனாலும் இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

உன் அம்மாவிடம் "ஒன்றும் ஆகாதும்மா" என்று மட்டும் சொல்லி முடிக்காதே. சாப்பர்கள் தினமும் போய்வருகின்றன, ஆயிரக்கணக்கான பேர் பத்திரமாகத் திரும்புகிறார்கள், அது உண்மை, அதைச் சொல். கூடவே, ஏதாவது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நான் பழகியிருக்கிறேன் என்றும் சொல். அவளுக்கு இரண்டாவது வாக்கியம்தான் தெம்பு கொடுக்கும்.

பயிற்சி நாளன்று காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதே. சளியோ காதடைப்போ இருந்தால் தொட்டியில் இறங்காதே, தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேள். நிறுவனத்தில் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, தேவைப்பட்டால் நான் பேசுகிறேன். முடித்த அன்று இரவு எனக்குப் போன் செய். எத்தனை மதிப்பெண் என்று கேட்க மாட்டேன். எந்தக் கை எங்கே இருந்தது என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
உன் மாமா